ஓடுகிறதே, போதாதா?

“அலுவலக வலைவாசல் நன்றாகத்தானே ஓடுகிறது, புதுப்பிக்க ஏன் செலவு?” என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், அதில் ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர ஆள் இருக்கிறாரா?

மைக்ரோசாப்ட் தனது ஷேர்பாயின்ட் 2013 மென்பொருளுக்கான ஆதரவை 2023 ஏப்ரல் 11ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. 2025 ஜூலையில் ஊடுருவல்காரர்கள் ஷேர்பாயின்ட் சர்வர்களுக்குள் புகுந்தபோது 2016, 2019 பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தது. 2013 வைத்திருந்தவர்களுக்கு வரவில்லை.

லைஃப்ரேயின் சமூகப் பதிப்பு இலவசம். இலவசத்துக்கு மயங்காதவர் யார்! ஆனால் பராமரிப்பு உங்கள் பாடு. கைதேர்ந்த கணினிப் பிரிவு இருந்தால் தாராளமாக எடுங்கள். சம்பளக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் அதில் கிடக்க, கவனிக்க ஒரே ஒரு பையன்தான் என்றால், உரிமம் வாங்குவதே மலிவு என்பேன். ஆதரவு முடியும் நாளை விசாரித்து, ஓராண்டுக்கு முன்பே மாற்றத்தைத் தொடங்குங்கள்.