படகுகள் எதிர்ப்பட்டால்

கடலில் இரண்டு இயந்திரப் படகுகள் நேருக்கு நேர் வந்தால், இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குமுளி மலைச்சாலையில் பேருந்துகள் இடப்பக்கம் ஒதுங்குவதற்கு நேர்மாறு இது. இப்படி வலப்பக்கம் திரும்புவது 1972இல் வகுக்கப்பட்டு, 1977 முதல் நடப்பில் உள்ள சர்வதேச விதி. குறுக்கிடும்போது, தன் வலப்பக்கத்தில் மற்றதைக் காணும் படகே வழிவிட வேண்டும். மற்றது திசையும் வேகமும் மாறாமல் செல்ல வேண்டும். இரவில் படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எதிர்ப்படகு நெருங்க நெருங்க, திசைகாட்டியில் அதன் கோணம் மாறாமலே இருந்தால் மோதும் ஆபத்து உண்டு. அதைக் கவனிப்பதே முதல் கடமை.

ஆனால் மோதல் மட்டுமே ஆபத்து அல்ல. தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேரைப் பலிகொண்டது மோதல் அல்ல, படகு கவிழ்ந்ததே. கம்பம் வழியாக அங்கே செல்வோர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் அமர்ந்திருக்க வேண்டும்.