மலை இறங்கும் வண்டியும் அதன் பராமரிப்பும்

(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கீதமும் வேதாந்தமும் பேச நம்மிடையே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, அரசாங்க உத்தியோகத்தில் பல வருஷங்கள் ஜீப்பில் மலைப் பிரதேசங்களைச் சுற்றியவன். ஆகவே வண்டிப் பராமரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம்மில் பலர் சென்னை, மும்பை, பெங்களூர் என்று சிதறி இருக்கிறோம். ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேருக்கு ஊர் வருகிறோம். தேர் முடிந்ததும், ஷெட்டில் மாதக்கணக்காக நின்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பாட்டி முதல் பேரன் வரை ஏழு பேர் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகிறோம். சிலர் அப்படியே போடிமெட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்குவதும் உண்டு. "வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு சர்வீஸ் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடித் தேயும் பாகங்கள் சில. ஓடாவிட்டாலும் காலத்தால் கெடும் பாகங்கள் சில. மலையில் நம்மைக் காப்பவற்றில் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் காலண்டரைப் பார்த்துத்தான் சர்வீஸ் செய்ய வேண்டும்.

முதலாவது பிரேக் ஆயில். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் இறங்கும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் ஏறத்தாழ 1000 மீட்டர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 2500 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 80 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை என்ஜினோ பிரேக்கோ தாங்கியாக வேண்டும்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் ஊர் இடவப்பாதி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்! டாட் 3 ரக ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தாலே அது 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 ரகத்துக்கு இவை 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். விளைவு, பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். அளவு வேறு, குணம் வேறு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். கம்பெனிப் புத்தகம் அதற்கும் முன்பே மாற்றச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

இரண்டாவது, நாலு சக்கரமும் இழுக்கும் அமைப்பு. லிவரோ சுவிட்சோ வைத்துப் போடும் வகையானால், உபயோகிக்காமலே விட்டால் இணைப்புகள் இறுகிப்போகும். மாதம் ஒரு முறை ஈர மண்ணிலோ சரளையிலோ நாலைந்து கிலோமீட்டர் போட்டு ஓட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் வேண்டாம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றும்; இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். இதே காரணத்தால் நாலு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஓடையைக் கடந்த பிறகு செய்ய வேண்டியது. சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளியிலிருந்து நீரை இழுக்கும். அதைத் தடுக்கச் சின்ன மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

நான்காவது, டயரின் வயசு. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் வயசாகி வெடிப்பு விடும். எங்களைப் போலத்தான்! ஸ்டெப்னிக்கும் இந்தக் கணக்கு உண்டு.

இவ்வளவும் செய்தபின் ஓட்டுபவரின் பங்கு ஒன்று பாக்கி. அந்தக் காலத்து ஜீப் டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்னார்: "ஏறின கியர்லயே எறங்கணும் சார்." என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த, பிரேக் ஆறிக்கொண்டே வரும். ஆட்டோமேடிக் வண்டியிலும் தாழ்ந்த கியரில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது; புத்தகத்தில் பாருங்கள். நியூட்ரலில் மட்டும் இறங்கவே கூடாது.

பிள்ளைகள் லீவில் வருமுன் தாத்தாக்கள் செய்யக்கூடிய காரியம் இது. அடுத்த தேருக்கு ஒரு மாதம் முன்பே பிரேக் ஆயில் மாற்றிய தேதியைத் தேடிப் பாருங்கள். தேதி கிடைக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். செலவு அதிகம் ஆகாது. எல்லோரும் க்ஷேமமாகப் போய் வர வேண்டும்.