வளர்ச்சியும் ஏற்றத்தாழ்வும்



ஒரு பிரதேசம் பொருளாதாரத்தில் வளர்ந்தால், அங்குள்ள வருமான ஏற்றத்தாழ்வு தானே மறைந்துவிடுமா? அன்றி, அவ்வேற்றத்தாழ்வே வளர்ச்சிக்குத் தடையாகிவிடுமா?

கைத்தொழில் பெருகும்போது வருமான வேறுபாடு முதலில் மிகுந்து பின்னர் குறையக்கூடும் என்று பொருளியலறிஞர் சைமன் குஸ்நெற்ஸ் 1955 ஆம் ஆண்டிற் கருத்துரைத்தார். பிரதேசங்களுக்கிடையிலும் இத்தகைய போக்கு உண்டென 1965 இல் ஜெப்ரி வில்லியம்சன் எழுதினார். காத்திருந்தால் யாவும் சீராகும் என்போர்க்கு இது வாய்ப்பாயிற்று. ஆனால், தமது முடிவிற் சான்று நூற்றுக்கு 5 என்றும், எஞ்சிய 95 உம் ஊகமே என்றும் குஸ்நெற்ஸ் தாமே ஒப்புக்கொண்டதை அவர்கள் நினைப்பதில்லை.

நமது மலைநாட்டை நோக்குவோம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டினார். நெடுங்காலம் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கினைத் தேயிலையே ஈட்டித் தந்தது. ஆயினும், கொழுந்து பறித்தோர் லயன் அறைகளிலேயே வாழ்ந்தனர்.

காரணம் யாது? கூலியில் மிச்சம் இல்லையெனில் ஊரிற் கடை பெருகாது. தச்சனுக்கும் தையற்காரனுக்கும் தொழில் பெருகாது. இலாபம் பெறுவோர் வேறிடத்தில் வாழ்வதால், அவர்தம் செலவும் அவ்விடத்தையே வளம்படுத்தும். நிலவுறுதி இல்லாதவன் ஈடுவைத்துக் கடன் பெறவும் இயலாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கற்றவர் குரல் வரவு செலவுத் திட்டத்தில் ஒலிப்பதில்லை. இலவசக் கல்வி 1945 இல் வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாம். இவ்வாறு, வறுமை வளர்ச்சியைத் தடுத்தது. வளர்ச்சியின்மை வறுமையை நிலைநிறுத்திற்று.

நாடு முழுவதையும் நோக்கினும் இத்தன்மை புலப்படும். 2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான அளவீட்டின்படி, மேல்நிலையிலுள்ள நூற்றுக்கு 20 குடும்பங்கள் மொத்த வருமானத்திற் பாதிக்கும் மேலாகப் பெற்றன. நிலப்பரப்பில் நூற்றுக்கு 6 பங்கிற்கும் குறைந்த மேல் மாகாணம், அவ்வாண்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினைக் கொண்டிருந்தது. படித்த இளைஞர் அங்கே செல்வது வியப்பன்று. அவர்களை இழந்த ஊர்களோ மேலும் மெலிகின்றன.

வளர்ச்சி வேண்டாமென்பது நம் கருத்தன்று; விளையாத நெல்லைப் பங்கிட முடியாது. ஆயினும், குளம் நிறைந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் வெட்டினாலன்றிக் கடைமடை வயலுக்கு நீர் பாயாது. பாடசாலையும், பாதையும், நிலவுறுதியும், நியாயமான கூலியுமே அவ்வாய்க்கால்கள். அவற்றை வளர்ச்சிக்குப் பின் வழங்கும் தானமாகக் கருதலாகாது. வளர்ச்சியின் வித்தாகவே கொள்ளல் வேண்டும்.