மூன்று சக்கர வண்டியும் ஒரு தொப்பி ஊசியும்



மோட்டார் வண்டியின் பழுதுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றவுடன், இன்று நம் தெருக்களில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளே உங்கள் நினைவுக்கு வரும். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவற்றுக்கெல்லாம் மூத்த வண்டியிடம். உலகில் விற்பனைக்கென்று செய்யப்பட்ட முதல் மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன என்பது உங்களுள் பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜெர்மனி நாட்டில் மான்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ் என்பவர் அதனைச் செய்து, 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். முன்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் ஒழுங்காகத் திருப்பும் முறை அவருக்கு அப்போது வசப்படவில்லை. ஆகவே முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு சக்கரங்கள் என்று அமைத்தார். நான்கு சக்கர வண்டிக்கான திருப்பும் அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றது 1893இல்தான்.

முதலில் அவ்வண்டியின் உள்ளமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். படுக்கை வாட்டத்தில் ஒரே ஒரு சிலிண்டர். அதிலிருந்து பிறக்கும் ஆற்றலை ஒரு வார்ப்பட்டை நடுத்தண்டுக்குக் கொண்டு செல்லும். அங்கிருந்து இரண்டு சங்கிலிகள் பின் சக்கரங்களைச் சுழற்றும். எரிபொருளின் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் செல்ல, பாட்டரியும் மின்தூண்டு சுருளும் சேர்ந்து தீப்பொறியை உண்டாக்கும். உங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறதே, அதே தூண்டு சுருள்தான். சில வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திக் காற்றிடைவெளியைத் தாண்டச் செய்யும் கருவி அது. இயந்திரம் சூடேறாமல் இருக்க அதனைச் சுற்றித் தண்ணீர் உண்டு. அத்தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். எரிபொருளுக்குத் தனித் தொட்டி கிடையாது. கார்புரேட்டர் கொள்ளும் நான்கரை லிட்டர்தான் வண்டியின் மொத்தக் கையிருப்பு.

வண்டி செய்தாயிற்று, வாங்குவாரைக் காணோம். மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். பணம் கொடுக்க முன்வரவில்லை. பென்ஸின் மனைவி பெர்த்தா அம்மையார், திருமணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தை அவருடைய தொழிலில் முதலீடு செய்தவர். 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், ஓடமாட்டேன் என்று பிடிவாதம் செய்த இயந்திரத்தை இன்னும் ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று கணவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அன்று இயந்திரம் ஓடிற்று. எனவே வண்டி விற்காவிட்டால் கரைவது அவருடைய கைப்பொருளும் பல ஆண்டு உழைப்புமே ஆகும்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அதிகாலை, கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், பதினைந்து வயது ஆய்கென், பதின்மூன்று வயது ரிச்சர்டு ஆகிய இரு புதல்வர்களுடன் அம்மையார் அவ்வண்டியில் புறப்பட்டார். தம் பிறந்த ஊரான போர்ட்ஸ்ஹைம் நகருக்குச் செல்வது நோக்கம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. மோட்டார் வண்டி என்பது அதுவரை ஊருக்குள் சோதனைக்காகச் சிறிது தூரம் ஓடியதே தவிர, இத்தகைய நெடும்பயணம் கண்டதில்லை.

இந்த நிகழ்ச்சியைத் துணிச்சலான பெண்மணியின் கதை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். துணிச்சல் இருந்தது உண்மை. ஆயினும் துணிச்சல் நின்றுபோன இயந்திரத்தை ஓட்டிவிடாது. வழியில் அவ்வண்டிக்கு நேர்ந்த பழுதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அவருடைய உண்மையான திறமை விளங்கும் என்பது என் கருத்து.

இயந்திரம் ஒன்று ஓட வேண்டுமாயின் மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். தக்க அளவில் ஆவியும் காற்றும் உள்ளே செல்லவேண்டும். அக்கலவை கசிந்து போகாமல் அமுக்கப்பட வேண்டும். உரிய வினாடியில் தீப்பொறி விழவேண்டும். இயந்திரம் நின்றுவிட்டது என்றால் இம்மூன்றில் ஒன்று தவறியிருக்கிறது. இருமி, தயங்கி, மெல்ல மெல்ல அடங்கினால் பெரும்பாலும் எரிபொருள் குறை. விளக்கை அணைத்தாற்போலத் திடீரென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் குறை. நம் தெருவோரத்துப் பழுது பார்ப்பவரும் கையில் சாவியை எடுப்பதற்கு முன் ஓட்டுநரைக் கேட்கும் முதல் கேள்வி, “எப்படி நின்றது?” என்பதே.

அம்மையாரின் வண்டிக்கு இரண்டு குறைகளும் வந்தன. எரிபொருள் செல்லும் வழியில் அடைப்பு ஏற்பட்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவி, அந்த அடைப்பைக் குத்தி நீக்கினார். பிறிதோரிடத்தில் மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்துபோயிற்று. இங்கே சற்று நில்லுங்கள். தூண்டு சுருளிலிருந்து வரும் உயர் அழுத்த மின்சாரம் எளிய வழி ஒன்று கிடைத்தால் அதனையே நாடும். உறை தேய்ந்த கம்பி வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுமானால், தீப்பொறி சிலிண்டருக்குள் விழாமல் வெளியிலேயே கழிந்துவிடும். பாட்டரி நன்றாயிருக்கும், சுருள் நன்றாயிருக்கும், வண்டி மட்டும் ஓடாது! மின்சாரப் பழுதுகளில் மிகுதியானவை இத்தகையவையே. கருவி கெடுவதைக் காட்டிலும் வழி கெடுவதே அதிகம். காலுறை நழுவாமல் கட்டியிருந்த பட்டையைக் கழற்றிக் கம்பியின் மேல் சுற்றினார் அம்மையார். மின்கடத்தாப் பொருள் ஒன்று இடையே வந்தது. தீப்பொறி தன் இடத்துக்குத் திரும்பிற்று.

எரிபொருளும் தீர்ந்தது. பெட்ரோல் விற்கும் நிலையம் என்று ஒன்று உலகில் எங்கும் இல்லாத காலம். ஆனால் துணியில் பட்ட கறையைப் போக்குவதற்கு லிக்ராயின் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மத்தை மருந்துக் கடைகளில் விற்றார்கள். பென்ஸின் இயந்திரம் அதில்தான் ஓடியது. வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் அதனை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அக்கடை இன்றும் பெருமை பேசுகிறது.

தண்ணீர்த் தொல்லை ஓயாத தொல்லை. காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். முப்பது டிகிரியிலுள்ள ஒரு கிராம் தண்ணீரை நூறு டிகிரிக்குக் கொண்டுவர எழுபது கலோரி போதும். அதே ஒரு கிராமை நீராவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆகவே ஆவியாக விடுவது குளிர்ச்சிக்கு மிக நல்ல வழி. ஆனால் போன ஆவி போனதுதான். வழியெங்கும் நீர் கண்ட இடத்தில் நிறுத்தி நிரப்ப வேண்டியதாயிற்று. உள்ளுறை வெப்பத்தை ஓர் அதிகாரத்திலும் மின்தூண்டலை வேறோர் அதிகாரத்திலும் உராய்வை மற்றோர் அதிகாரத்திலும் வைத்து நாங்கள் உங்களுக்குக் கற்பித்தோம். நடுவழியில் நிற்கும் வண்டி, இது எந்த அதிகாரத்துக் கேள்வி என்று சொல்லிவிட்டு நிற்பதில்லை.

இனி இயந்திரப் பகுதிகளின் பழுதுகள். சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் ஆணிகள் தேயத் தேயச் சங்கிலி நீண்டு தளரும். தளர்ந்த சங்கிலி பற்சக்கரத்தை விட்டு நழுவும். அதனைச் சரிசெய்ய ஒரு கொல்லரின் உதவியை நாடினார்கள். பிரேக்கோ வெறும் மரக்கட்டை. சக்கரத்தின் மேல் அழுந்தி உராய்வினால் வேகத்தைத் தணிப்பது அதன் வேலை. ஒரு கணக்குக்காக, வண்டியும் ஆட்களும் சேர்ந்து 500 கிலோகிராம் எடை என்றும், ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறார்கள் என்றும் கொள்வோம். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் 245,000 ஜூல் ஆற்றலை உராய்வே விழுங்கியாக வேண்டும். முப்பது டிகிரித் தண்ணீர் முக்கால் லிட்டருக்கு மேல் கொதிநிலை அடையப் போதுமான வெப்பம் அது. அதில் பெரும்பங்கு பிரேக்கின் மேல் விழுந்தால் கட்டை தேயாமல் என்ன செய்யும்? அம்மையார் ஒரு செம்மாரிடம் சென்று, கட்டைகளின் முகத்தில் தோலை வைத்துத் தைக்கச் செய்தார். தேய்ந்தால் கட்டை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, தோலை மாற்றினால் போதும். இன்றைய பிரேக்குகளில் உள்ள உராய்வுப் பட்டைகளுக்கு இதுவே முன்னோடி என்பார்கள். ஊசியையும் பட்டையையும் எல்லாரும் பாராட்டுவார்கள். நான் இத்தோலுக்கே முதலிடம் தருவேன். முன்னிரண்டும் பழுதை நீக்கி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தன. இதுவோ வண்டியைப் பழைய நிலையினும் மேம்படுத்தியது.

ஒரு குறையை மட்டும் வழியில் தீர்க்க முடியவில்லை. மேடு வந்தபோது இயந்திரத்தின் வலிமை போதவில்லை. சிறுவர்கள் இறங்கித் தள்ளினார்கள். இதில் கெட்டுப்போன உறுப்பு எதுவும் கிடையாது. திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கி வருவது அன்றோ? இருக்கும் திறனைக்கொண்டே அதிக விசை வேண்டுமாயின் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அப்படிக் குறைப்பதற்கேற்ற பற்சக்கர அமைப்பு அவ்வண்டியில் இல்லை. பழுதுக்கும் அமைப்பின் குறைக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் இங்கே நன்கு கவனிக்க வேண்டும். பழுதை வழியில் போகிறவரும் நீக்கலாம். அமைப்பின் குறையைச் செய்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

மாலை கடந்து போர்ட்ஸ்ஹைம் சேர்ந்ததும், நலமாக வந்து சேர்ந்த செய்தியைக் கணவருக்குத் தந்தி மூலம் அறிவித்தார். சில நாட்கள் கழித்து அதே வண்டியில் வேறு வழியாக மான்ஹைம் திரும்பினார். கண்டவற்றையெல்லாம் கேட்டுக்கொண்ட பென்ஸ், மேடேறுவதற்கென்று கூடுதலாக ஒரு கியரை அமைத்தார். அதே 1888ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்துப் பொருட்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன்பின் வாங்குவோரும் மெல்ல வரலாயினர். பெர்த்தா அம்மையார் சென்ற வழி 2008ஆம் ஆண்டு முதல் அவர் பெயராலேயே நினைவுப் பாதையாக வழங்கி வருகிறது; வீஸ்லோக்கின் மருந்துக் கடையும் அப்பாதையில்தான் இருக்கிறது.