பாட்டனார் எல்லை கடந்தார், பேத்தி வான்வெளி கடந்தார்



பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் நமக்குக் கிடைத்தது கூலி. நம் பெண்மக்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது? இந்தக் கேள்வியோடு, கடல் கடந்த நாட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையை இங்கே வைக்கிறோம்.

மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்திலிருந்து அமெரிக்கா வந்தவர்கள் எலன் ஒச்சோவாவின் பாட்டனும் பாட்டியும். எலன் 1958-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். தந்தைக்கு ஸ்பானிய மொழி தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கவில்லை. அம்மொழி பேசியவர்களை இளக்காரமாக நடத்திய காலம் அது. அந்த வேதனை நமக்குப் புரியாததா?

பெற்றோர் பிரிந்தபின் ஐந்து பிள்ளைகளையும் தாயே வளர்த்தார். அத்தோடு கல்லூரியிலும் படித்தார். ஒரு நேரத்தில் ஒரு பாடம், இப்படியே இருபது ஆண்டுகளுக்கு மேல்! மகள் பட்டம் வாங்கிய பிறகுதான் தாய் பட்டம் வாங்கினார். அந்தத் தாய்க்குத் துணையாக இருக்கவே, பெயர் பெற்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தந்த உதவித்தொகையை மறுத்து, வீட்டுக்கு அருகே சான் டியேகோவிலிருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் எலன்.

அங்கே மின்பொறியியல் படிக்கலாமா என்று கேட்டபோது, அது பெண்ணுக்குக் கடினம் என்று ஒரு பேராசிரியர் தட்டிக் கழித்தார். இயற்பியல் துறை வரவேற்றது. அதில் 1980-இல் பட்டம் பெற்றார். பின்னர் அதே ஸ்டான்போர்டில், தட்டிக் கழிக்கப்பட்ட அதே மின்பொறியியலில், 1985-இல் டாக்டர் பட்டம்! ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வடிவங்களில் பழுது எங்கே என்று ஒளியைக் கொண்டு கண்டறியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பழுது பார்த்துப் பிரிக்கும் வேலையின் அருமை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

விண்வெளி வீரராக முதலில் மனுச் செய்தபோது இடம் கிடைக்கவில்லை. விமானம் ஓட்டக் கற்றார், மீண்டும் முயன்றார். 1990-இல் தேர்வானார். 1993 ஏப்ரலில் 'டிஸ்கவரி' விண்கலத்தில் சென்று, விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானியப் பெண் ஆனார். அந்தப் பயணம் ஓசோன் படலத்தை ஆராய்ந்தது. நான்கு பயணங்களில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் விண்வெளியில் இருந்தார்.

பயணம் போனவர் பிறகு பயணங்களை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். 2013 முதல் 2018 வரை ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநர் அவரே. வீரர்களுக்குப் பயிற்சி தருவதும், பறக்கும் கலங்களைத் தரையிலிருந்து கட்டுப்படுத்துவதும் அந்த மையம்தான். அதன் தலைமைக்கு வந்த முதல் ஹிஸ்பானியர் அவர், பெண்களில் இரண்டாமவர்.

தோழர்களே! இது தனியொருவர் திறமையால் மட்டும் நடந்ததா? 1978 வரை 'நாசா' ஒரு பெண்ணைக்கூட விண்வெளி வீரராக எடுக்கவில்லை. அதற்கு முன் அறிவுள்ள பெண்களே அந்நாட்டில் இல்லையா? இருந்தார்கள், கதவுதான் மூடியிருந்தது. அந்த ஆண்டு 35 பேரில் ஆறு பெண்கள் எடுக்கப்பட்டனர். கதவு திறந்தது, அரசுக் கல்லூரி இருந்தது, படிக்காதே என்று சொல்லாத தாய் இருந்தார். மூன்றும் சேர்ந்தே ஓர் எலன் உருவானார்.

ஆகவே நமக்கு இரண்டு கடமைகள். கல்லூரியில் இடமும், உதவித்தொகையும், பெண்கள் விடுதியும் உரிமையாகக் கேட்போம். வீட்டிலோ, தம்பி படிக்கட்டும், நீ அடுப்பைப் பார் என்று மகளிடம் சொல்வதை இன்றோடு நிறுத்துவோம். வெளியே மூடிய கதவைத் தட்டும் கை, வீட்டுக்குள் ஒரு கதவை மூடலாகாது.