நாளுக்கொரு சிறு பத்தி



புனே நகரின் மேற்குப் பகுதியில், முளா ஆற்றை அடுத்துப் பாணேர் என்ற ஊர் இருக்கிறது. குன்றின் மேல் துகாய் தேவியின் கோயிலும், ஊருக்குள் பாறையைக் குடைந்து அமைத்த பழைய சிவாலயமும் உடைய அச்சிற்றூர், 1997ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. அருகிலுள்ள ஹிஞ்ஜவாடியில் கணினி நிறுவனங்கள் பெருகியதனால், நம் தமிழ் மக்களும் அங்கே கணிசமாகக் குடியேறியிருக்கின்றனர். பொறியாளர், கணக்கர், சமையல்காரர், மெஸ் நடத்துவோர் எனப் பல தொழிலினரும் அவர்களுள் உண்டு.

அங்கே நான் அறிந்த இளைஞர் ஒருவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், வாடகை வீட்டைக் காலிசெய்தபோது ஒரு மாத வாடகையை இழந்துவிட்டார். ஒரு மாதத்திற்கு முன் எழுத்து மூலம் அறிவித்தாலன்றி முன்பணத்தில் ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்பது அவரே கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் வாசகம். அவர் வாயால் சொன்னாரேயன்றி எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டி, "அண்ணாச்சி, இதில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். டெபாசிட் தெரியும், நோட்டீஸ் தெரியும், ரீஃபண்டும் தெரியும். ஆனால் இது என்ன சொல்கிறதென்று இன்றுதான் தெரிந்தது" என்றார்.

சொல்லை அறிவது வேறு. வாக்கியத்தைப் படிப்பது வேறு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வுண்மை நாள்தோறும் எதிர்ப்படுவது. ஆகவே, பல பொருள்களைப் பற்றிய சிறு சிறு பத்திகளைக் கொண்டு ஆங்கிலம் படிக்கும் திறனை வளர்த்துக்கொள்வது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

ஆங்கிலத்திற்கும் புனேக்கும் நெடுநாளையத் தொடர்பு உண்டு. ஆங்கிலக் கல்வியைப் பெண்புலியின் பாலுக்கு ஒப்பிட்டார் என்று விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கரை மராட்டியர் இன்றும் நினைவுகூர்வர். அவரும் திலகரும் கூடி 1880ஆம் ஆண்டில் புதிய ஆங்கிலப் பள்ளியை நிறுவியது இந்நகரில்தான். தமிழர் பெயரும் இங்கே பதிந்திருக்கிறது. கோகலே 1905இல் புனேயில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில், வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய சீனிவாச சாஸ்திரியார் 1907இல் சேர்ந்தார்; கோகலே மறைந்தபின் 1915இல் அதன் தலைவருமானார். அவருடைய ஆங்கிலச் சொல்வன்மையை ஆங்கிலேயரே வியந்தனர்.

அத்தகைய பெரியோரை எண்ணும்போது நம்மில் பலருக்கு ஓர் அச்சம் தோன்றுகிறது. 'அவர்களைப் போல நமக்கு வருமா? பேசவே நாக்கு எழாத ஆங்கிலத்தைப் படித்து ஆவதென்ன?' என்று கைவிட்டுவிடுகிறோம். இவ்வச்சம் தேவையற்றது. மேடையில் பேசுவது ஒரு திறன். காகிதத்தைப் படித்து உணர்வது மற்றொரு திறன். முதலாவது வாராதவர்க்கும் இரண்டாவது வரும்.

இதனை ஆராய்ந்து காட்டியவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர். வங்காளத்து மாணவர்களைப் பற்றி 1926ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில் ஓர் அருமையான கருத்து இருக்கிறது. ஆயுள் காப்பீட்டு பாலிசியை இடையில் நிறுத்திவிட்டாலும், கட்டிய பிரீமியத்திற்கு ஏற்பச் சரண்டர் தொகை என ஒன்று கிடைக்கிறது அல்லவா? படிப்பிற்கும் அவ்வாறு ஒன்று வேண்டும் என்றார் அவர். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் அதுவரை கற்றது அவர்கள் கையில் நிற்க வேண்டாமா? அரைகுறையாகக் கற்ற பேச்சு விரைவில் மறந்துபோகும். சிறிதளவே வாய்த்த படிக்கும் திறனோ தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. அதற்காகவே, அருஞ்சொற்களை நீக்கி, புதுச் சொற்கள் அளவோடு வருமாறு அமைந்த வாசக நூல்களை அவர் ஆக்கினார். மிகப் பயன்படும் ஏறத்தாழ 2,000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டவரும் அவரே.

பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். ஆறு மாத வகுப்பில் சேர்ந்து இரண்டாம் மாதத்தில் நின்றுவிடுவோர் நம்மிடையே பலர். வேலை நேரம் மாறும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஊருக்குப் போக நேரும். நூறு நூற்றைம்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியோ அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிவது. நாளைக்கு விட்டுப்போனாலும் இன்றைய பத்தி நம்முடையதாகிவிட்டது. நாளுக்கு 150 சொற்கள் வீதம் தவறாது படிப்பவர், ஓராண்டில் 54,750 சொற்களைப் படித்தவராகிறார். அது ஒரு புத்தகத்தின் அளவு.

பத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. பிறர் உதவியின்றி ஒன்றைப் படித்து உணர, அதிலுள்ள நூறு சொற்களில் 98 அளவிலேனும் முன்பே தெரிந்திருத்தல் நலம் என்று நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் அவரோடு ஆராய்ந்தவரும் 2000ஆம் ஆண்டில் எழுதினர். ஆகவே நூற்றுக்கு இரண்டு மூன்று புதுச் சொற்கள் உள்ள பத்தியே பயிற்சிக்கு ஏற்றது. பத்துப் பதினைந்து வருமாயின், அதை மூடிவிட்டு எளியது ஒன்றை எடுப்பதில் வெட்கம் இல்லை.

எளிய பத்திகளுக்கு எங்கே போவது? மராட்டிய மாநிலத்துப் பாடநூல் நிறுவனமாகிய பாலபாரதி, 1967ஆம் ஆண்டில் புனேயில் நிறுவப்பட்டது. ஆறாம் வகுப்பிற்கான அதன் ஆங்கில வழி அறிவியல், புவியியல், வரலாற்று நூல்கள், பெரியவர்களுக்கும் நல்ல வாசகங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றை விலைகொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. மருந்துப் பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கையும், வங்கிக் கடிதமும், பள்ளிச் சுற்றறிக்கையும் இடையிடையே வரலாம்.

பொருள் மாறி மாறி வரவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கரண்ட் என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை; விளக்கை எரிப்பது என்போம். ஆற்றைப் பற்றிய பத்தியில் அதுவே நீரோட்டம். வங்கியைப் பற்றிய பத்தியில் நடப்புக் கணக்கு. செய்தித்தாளில் அன்றைய நிகழ்ச்சி. இன்ட்ரஸ்ட் என்பது ஓரிடத்தில் ஆர்வம், மற்றோரிடத்தில் வட்டி. ஒரே துறையைப் படிப்பவர்க்குச் சொல்லின் ஒரு முகமே தெரியும். பல துறைகளைத் தொட்டுப் படிப்பவரே, இடம் நோக்கிப் பொருள் கொள்ளப் பழகுகிறார்.

பல துறைகளில் புகுவோர்க்கு மற்றொரு மகிழ்ச்சியும் காத்திருக்கிறது. கடற்பயணத்தைப் பற்றிய பத்தியில் கட்டுமரம் ஆங்கில உடை தரித்துக் கேட்டமரன் என்று வரும். உணவைப் பற்றியதில் மிளகுத்தண்ணீர் முல்லிகடானியாக வரும். புகையிலையைப் பற்றியதில் சுருட்டு செரூட் ஆகியிருக்கும். அயல் வீடு என்று தயங்கி நுழைந்த இடத்தில் நம் உறவினர் அமர்ந்திருப்பதைக் காண்பது போன்றதன்றோ அது!

இனிப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். முதன்முறை படிக்கும்போது அகராதியைத் தொடவேண்டாம். தெரியாத சொல் வந்தாலும் நிற்காமல், மனத்திற்குள்ளேயே இறுதிவரை படித்துவிடுங்கள். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, 'இது என்ன சொல்கிறது?' என்பதைத் தமிழில் ஒரே வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். தாய்மொழி இங்கே இடையூறன்று, அதுவே உரைகல். தமிழில் சொல்ல வரவில்லையென்றால், ஆங்கிலத்தில் விளங்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இரண்டாம் முறை மெதுவாகப் படியுங்கள். புதுச் சொல்லின் பொருளை முன்பின் உள்ள சொற்களைக் கொண்டு முதலில் ஊகித்து, அதன் பின்னரே லிப்கோ அகராதியைப் புரட்டிச் சரிபாருங்கள். இறுதியாக, 'காகிதம் சொன்ன எதையேனும் விட்டுவிட்டேனா? அது சொல்லாத எதையேனும் நானாகச் சேர்த்தேனா?' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் புதுப் பத்தியைத் தொடங்குமுன் முதல்நாள் பத்தியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது.

நாம் பெரும்பாலும் விட்டுவிடுவது பெரிய சொற்களை அல்ல, சிறிய சொற்களையே. பாணேர் இளைஞரை ஏமாற்றியது அன்லெஸ் என்ற ஒரு சிறு சொல். அவர் கவனமின்மை மட்டும் அதற்குக் காரணம் அன்று. இரு மொழிகளின் அமைப்பும் காரணம். தமிழில் நிபந்தனை முன்னே வரும்; 'மழை பெய்தால்' என்று தொடங்கி, 'வரமாட்டேன்' என்று முடிப்போம். வினைமுற்று வந்தவுடன் வாக்கியம் முடிந்தது என்று நம் மனம் அமைதி அடைந்துவிடும். ஆங்கிலத்திலோ, 'பணம் திருப்பித் தரப்படும்' என்று முதலில் முழங்கிவிட்டு, நிபந்தனையை வாலில் கட்டிவைப்பது வழக்கம். தமிழ்ப் பழக்கமுள்ள கண் தலையைக் கண்டு மகிழ்ந்து, வாலைக் காணாது நின்றுவிடுகிறது. ஆகவே முற்றுப்புள்ளி வரும்வரை படிப்பது என்று விரதம் கொள்ளுங்கள். அன்லெஸ், எக்செப்ட், ஒன்லி, நாட் லேட்டர் தேன் போன்றவை வருமிடத்தில் பென்சிலால் ஒரு வட்டமிடுங்கள்.

தெருவிலும் கடையிலும் அண்டை வீட்டாரிடமும் புழங்க மராட்டி வேண்டும். அதைக் கற்பது நாம் வாழும் மண்ணுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் நாம் கையொப்பமிடும் காகிதங்களில் பல ஆங்கிலத்தில் வருகின்றன. மராட்டிய மாநிலத்தில் 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியிருப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும். பதினொரு மாதத்திற்கு எழுதிக்கொள்வது இங்கே பொதுவான வழக்கம். எனவே ஏறத்தாழ ஆண்டுதோறும் வாடகைதாரர் ஒவ்வொருவரும் ஒரு தேர்வை எழுதுகிறார் என்றே சொல்லலாம். தோற்றவர் இழப்பது மதிப்பெண்ணை அல்ல, பணத்தை.

அந்த இளைஞர் அதன்பின் நாளுக்கொரு பத்தி படிக்கத் தொடங்கினார். ஒருநாள் தேனீ, ஒருநாள் தக்கணத்துக் கரும்பாறை, ஒருநாள் காய்ச்சல் மருந்தின் குறிப்பு என்று போயிற்று. நடுவில் மூன்று வாரம் விட்டும் போயிற்று, மீண்டும் தொடர்ந்தார். அடுத்த வீட்டிற்கு ஒப்பந்தம் எழுதும் நாளில் என்னையும் உடன் அழைத்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அவரே பக்கம் பக்கமாகப் படித்து, ஒவ்வொரு பிரிவையும் தமிழில் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஓரிடத்தில் விரலை வைத்து, அறிவிப்பைக் கடிதத்திற்குப் பதிலாக மின்னஞ்சலிலும் தரலாம் என்று சேர்க்கும்படி கேட்டார். வீட்டுக்காரரும் இசைந்தார். அதன் பிறகே பேனாவைத் திறந்தார்.

ஆங்கிலம் அவருக்கு முழுதும் வந்துவிட்டதா என்றால், இல்லை. இன்றும் பேசத் தயங்குகிறார். ஆனால் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக் கையொப்பமிடும் நிலையிலிருந்து, தாமே படித்துக் கையொப்பமிடும் நிலைக்கு வந்துவிட்டார். அன்பர்களே, இன்றிரவே ஒரு சிறு பத்தியை எடுத்து, முற்றுப்புள்ளி வரை படித்துப் பாருங்கள்.