படிக்கிற பிள்ளைகள் ஒன்றாக லயத்துக்கு வருகிறார்கள்

(தோட்ட வாசிகசாலையில் நடந்த மாதர் சங்க, சுகாதாரக் குழுக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பிலே கட்டின படங்கைக்கூட அவிழ்க்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே விஷயத்துக்கு வருகிறோம். அடுத்த மாதம் வைத்தியம், தாதியம், மருந்தாளர் வேலை, இயன்மருத்துவம், பல் வைத்தியம் படிக்கிற மாணவ மாணவிகள் பன்னிரண்டு பேர் நம்ம தோட்டத்தில் இரண்டு கிழமை தங்கப் போகிறார்கள். தனித்தனியாக அல்ல, எல்லாரும் ஒரே குழுவாக. இதைக் கேள்விப்பட்ட உடனே மேல் டிவிசனில் ஒரு அக்கா, "திரும்பவும் நம்மள எண்ணிப் பாக்க வர்றாங்களா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்குக் கூட்டம் வைத்தோம்.

முந்தி நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் திங்கட்கிழமை வைத்திய மாணவர்கள் வந்தார்கள். புதன்கிழமை தாதியர் மாணவிகள் வந்தார்கள். அடுத்த கிழமை போஷாக்கு ஆராய்ச்சி என்று இன்னொரு கூட்டம். எல்லாரும் போனது அதே மூன்றாம் நம்பர் லயத்துக்கு. கேட்டதும் அதே கேள்விகள்தான்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தவறிப் போனது, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், கக்கூஸ் இருக்கிறதா? கடைசியாக வந்தவர்களிடம் ஒரு தாய், "முன்ன வந்தவங்க எல்லாம் எழுதிக்கிட்டுப் போனாங்களே, அவங்ககிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் என்ன செய்வார்? அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் விழுந்தது. தவறிப் போன பிள்ளையைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது அதைவிடப் பெரிய வலி. ஒருவர் எழுதினதை மற்றவர் பார்க்கவில்லை. எழுதினதில் என்ன தெரிய வந்தது என்று தோட்டத்துக்கு ஒரு துண்டுக் கடுதாசிகூட வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிட வேண்டும். வந்த பிள்ளைகளை நாங்கள் கூட்டிக்கொண்டு போனது ரோட்டோரம் இருக்கிற, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த லயத்துக்கு. பின்னால் இருக்கிற பீலிக்கரைக்கோ, மழைக்காலத்தில் வழுக்குகிற படிக்கட்டுக்கோ கூட்டிப் போகவில்லை. தோட்டத்துக்கு நல்ல பேர் வரவேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பினால் அவர்களும் ஒன்றும் படிக்கவில்லை, நமக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்த முறை ஏன் வேறு மாதிரி இருக்கும் என்கிறோம்? பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இதே மாதிரிக் கலந்த குழு வந்தபோது நாங்களும் மூன்று நாள் கூடப் போய்ப் பார்த்தோம். அங்கே வேலையிலிருந்து நின்ற ஒரு பழைய கங்காணி ஐயா இருந்தார். சீனி வருத்தம். காலிலே ஆறாத புண். காலையில் எழும்பினால் தலைசுற்றல். "வயசாயிருச்சு" என்று வீட்டார் விட்டுவிட்டார்கள்.

வைத்திய மாணவர் இரத்தத்தில் சீனியைப் பார்த்தார். காலை வேளையில் அது கூடுவதற்குப் பதிலாக மிகவும் குறைந்திருந்தது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. மருந்தாளர் படிக்கிற பிள்ளை, "வீட்டில் இருக்கிற மருந்தெல்லாம் கொண்டு வாங்க தாத்தா" என்று கேட்டது. ஐயா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பாயிலே கொட்டினார். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது ஒரு பொட்டலம், டவுனில் காசு கொடுத்து வாங்கினது இன்னொரு பொட்டலம். பெயர் இரண்டு, நிறம் இரண்டு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. மனுசன் மாசக்கணக்கில் இரட்டை அளவு விழுங்கியிருக்கிறார். தாதியர் மாணவி புண்ணைக் கழுவிக் கட்டும்போது, கட்டுத்துணி பீலித் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்ட பழைய சேலைத்துண்டு என்று கண்டுகொண்டார். இயன்மருத்துவப் பிள்ளை பார்த்தது அவருடைய செருப்பை. ஒரு பக்கம் தேய்ந்து, ஆணி மேலே வந்திருந்தது. உணர்ச்சி மரத்துப்போன காலுக்கு ஆணி குத்துவது எப்படித் தெரியும்?

ஒரே ஒரு மனிதர், ஒரே ஒரு புண். ஆளுக்கு ஒன்றைப் பார்த்தார்கள். ராத்திரி பள்ளிக்கூட அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்து பேசினபோதுதான் அது ஒரு கதையாகச் சேர்ந்தது. கூட வந்த ஆசிரியர் வைத்தியர் அடுத்த கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, மருந்தை ஒழுங்காக்கினார். புது டாக்டர் ஆகப்போகிற அந்தப் பையன் எங்களிடம் சொன்னான்: "ஆஸ்பத்திரி வார்டில் என்றால் நான் ஊசி எழுதியிருப்பேன், ஐயா. செருப்பைப் பார்த்திருக்க மாட்டேன்."

இன்னொன்றும் கண்டோம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருவர் கிளினிக்கில் தந்த இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ஆனாலும் இரத்தம் ஏறவில்லை. மாத்திரையைப் போடுவதில்லை என்று அவருக்கு ஏச்சும் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தானே தெரியும், அவர் மாத்திரையைச் சாயத் தண்ணியோடு விழுங்குகிறார்! தேயிலைச் சாயம் இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டு, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடித்தால் போதும். நாமே பறிக்கிற கொழுந்து, நம்ம பிள்ளைத்தாய்ச்சிகளின் இரத்தத்தோடு சண்டை பிடிக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே இருக்கிற தாய்மார் இதை இன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லுங்கள். மாணவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிச் சேர்த்துப் படிப்பிக்கிறது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1978 இல் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்பச் சுகாதாரம் மக்கள் இருக்கிற இடத்துக்கே போக வேண்டும் என்று தீர்மானித்தன. சுகாதாரத் தொழில் படிப்பவர்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் முதலில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1988 இல் ஒரு அறிக்கையே வெளியிட்டது. 2010 இலும் அதையே இன்னும் விரிவாகச் சொன்னது. சுவீடன் நாட்டில் லின்சோப்பிங் பல்கலைக்கழகம் 1986 இலிருந்து வைத்திய மாணவரையும் தாதியரையும் மற்றவர்களையும் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்திய மாணவர்களும் தாதியர் மாணவிகளும் மற்றத் துறைப் பிள்ளைகளும் கிராமத்தில் ஒன்றாகத் தங்கி, வீடு வீடாகப் போய்ப் படிக்கிற வழக்கம் இருக்கிறது. நம்ம நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கினார்கள். மருத்துவிச்சிமாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரும் ஊருக்குள்ளே இறங்கிப் பயிற்சி பெறுகிற இடமாக அது வளர்ந்தது.

அப்படியானால் இவ்வளவு காலமாக லயத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். தோட்டம் தனி உலகமாக இருந்தது. 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்து தொழிலாளியின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு என்றே வைத்திருந்தார்கள். டிஸ்பென்சரி தோட்டத்துடையது, பிள்ளைக் காம்பரா தோட்டத்துடையது. அரசாங்கச் சுகாதாரச் சேவை உள்ளே வர நெடுங்காலம் எடுத்தது. கிராமத்துக்குப் போய்ப் படித்த மாணவருக்கு மலை ஏறி லயத்துக்கு வரவேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் மனசில் ஆழமாகப் பதிந்தது பிலிப்பைன்ஸ் நாட்டுக் கதை. லெய்ட்டே என்ற தீவில் 1976 இல் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். டாக்டர்மார் பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, ஊர்களில் ஆளில்லாமல் போனதுதான் காரணம். அங்கே பிள்ளையைத் தெரிவு செய்து அனுப்புவது ஊர். வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில், ஒரே படியில் தொடங்குகிறார்கள். முதலில் மருத்துவிச்சி வேலை. அதைப் படித்ததும் தன் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சேவை செய்ய வேண்டும். நல்லபடி செய்தான் என்று ஊர் சொன்னால் அடுத்த படி, தாதியம். திரும்பவும் ஊர். அதற்குப் பிறகு டாக்டர் படிப்பு. இடையில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். அங்கே டாக்டராக வருகிறவர் முதலில் மருத்துவிச்சியாகப் பிரசவம் பார்த்தவர். அவர் மருத்துவிச்சியைக் குறைவாகப் பேசுவாரா?

இதை ஏன் சொல்கிறோம்? நம்ம பக்கத்தில் தமிழ் பேசுகிற மருத்துவிச்சி போதாது. போன முறை வந்தவர்களில் அநேகம் பேருக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான் தெரியும். ஒரு பாட்டி "மேலுக்கு முடியல" என்று சொல்ல, மொழிபெயர்த்த வெளியூர்த் தம்பி அதை மேல் உடம்பில் வலி என்று விளங்கிக்கொண்டான். அந்தப் பிள்ளை நெஞ்சிலே குழாயை வைத்து அரை மணித்தியாலம் கேட்டது. பாட்டிக்குக் காய்ச்சல்! சிரிக்கிறீர்கள், நாங்களும் அன்றைக்குச் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. நம்ம லயத்திலிருந்து நாலு பிள்ளைகள் இந்தத் தொழில்களுக்குப் போயிருந்தால் அந்தப் பாட்டிக்கு அது நடந்திருக்குமா? உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு கிழமையும் மாணவர்களோடு கூட நடக்கட்டும். டாக்டர் வேலையைத் தவிர இத்தனை தொழில் இருக்கிறது என்று நம்ம பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

வருகிறவர்கள் படிக்கிற பிள்ளைகள் என்பதை மறக்க வேண்டாம். மருந்து கொடுக்க மாட்டார்கள், பல் பிடுங்க மாட்டார்கள். ஆசிரியர்மார் கூட இருப்பார்கள். நம்ம டிஸ்பென்சர் ஐயாவுக்கும் மருத்துவிச்சி அம்மாவுக்கும் பதிலாக அவர்கள் வரவில்லை. வெற்றிலை போடுகிறவர்கள் மட்டும் வெட்கப்படாமல் பல் வைத்தியப் பிள்ளைகளிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். பாக்கும் புகையிலையும் வாயில் புற்றுநோயைக் கொண்டு வரும். வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே கண்டால் காப்பாற்ற வழி இருக்கிறது. கூடைக்கயிறு தலையில் இழுத்துக் கழுத்து வலிக்கிறவர்களுக்கு இயன்மருத்துவப் பிள்ளைகள் வருகிறார்கள்.

நாங்களும் சில விஷயங்களைக் கண்டிப்பாகப் பேசி வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு குழு, ஒரு தடவைதான் எழுதுவது; எழுதினதை எல்லாத் துறைப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லத் தேவையில்லை, அதற்காக யாரும் கோபிக்க முடியாது. போகிறதுக்கு முதல் நாள் இதே வாசிகசாலையில் கண்டதையெல்லாம் தமிழில் நமக்குச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். இதை எழுத்திலே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அரைப் பேர் விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. பெரிய துரையிடம் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. பதில் வரும்வரை வேலை நேரத்தில் யாரையும் மலையிலிருந்து கூப்பிட மாட்டோம். பின்னேரம் நாலரைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும்தான் வீட்டுக்கு வருவார்கள்.

தங்குவதற்குப் பழைய பள்ளிக்கூட அறை இரண்டு இருக்கிறது. ஞாயிறு காலை சிரமதானம் செய்து கூரைத் தகரத்தில் இருக்கிற இரண்டு ஓட்டையை அடைக்க வேண்டும், வாலிபர் சங்கத்துத் தம்பிமார் தகரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். பகல் சாப்பாடு வீட்டு முறையில் கொடுக்கலாம் என்று மாதர் சங்கத் தலைவி சொல்லியிருக்கிறார். அவர்களுக்கென்று கோழி அடிக்க வேண்டாம். நாம் சாப்பிடுகிற ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டால்தான் நம்ம உடம்பு ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கும். சிங்களமும் தமிழும் தெரிந்த பிள்ளைகள் ஆறு பேர் மொழிபெயர்க்கத் தேவை. ஆண் பிள்ளைகள் மட்டும் பேர் கொடுக்க வேண்டாம். தாய்மார் தங்கள் வருத்தத்தைப் பெண் பிள்ளையிடம்தான் சொல்வார்கள்.

முதல் நாள் பின்னேரமே அவர்களைப் பீலிக்கரைக்கும் அந்த வழுக்குப் படிக்கட்டுக்கும் கூட்டிப் போகிறோம். மூன்றாம் நம்பர் லயத்துத் தாய் வாசலிலே நின்று வழி காட்டுவதாக நேற்றுச் சொன்னார். பேர் கொடுக்கிறவர்கள் வாசலடியில் கிளாக்கர் தம்பியிடம் எழுதிவிட்டுப் போங்கள், கொப்பி அவரிடம் இருக்கிறது.